முதலிடத்தில் ஒரு குழாய்

நெஞ்சுடைதல் என்று பொருள்
எங்கள் ஊர்ப் பெயருக்கு: கிரெவ் கேர்.
யார் நெஞ்சு, எதனால் உடைந்தது
எந்தப் பலகையிலும் எழுதவில்லை.
எதிரே பீட்டர் போத் மலை,
உச்சியில் ஒற்றை உருண்டைப் பாறை.
குடம் சுமக்கிறாள் என்போம்.
காலிக் குடம் என்பான் கவிலன்.

கவிலன் பேருந்து நடத்துநர்.
நவம்பர் கடைசியில், விடியுமுன்,
வீட்டுக் குழாயைத் திறந்து
கைபேசியை அருகில் பிடித்தான்.
மூன்று நிமிடம் பதினோரு விநாடி.
முதலில் ஒரு விக்கல்.
பிறகு ஸ்ஸ்ஸென்று நீளும் காற்று.
நடுவே யார் வீட்டுச் சேவலோ.
முடிவில் அவன் மனைவி மிலாவதி
"மூடித் தொலை" என்றது.
அவ்வளவுதான் பாட்டு.

வானொலியில் வருடந்தோறும்
கிறிஸ்துமஸ் முதலிடத்துக்கு வாக்கெடுப்பு,
குறுஞ்செய்திக்கு ஆறு ரூபாய்.
மூன்று வருடமாகப்
பேரங்காடி பணம் போட்ட பாட்டுக்கே மகுடம்.
"இந்த முறை குழாய்" என்றான்
சில்லறை எண்ணிக்கொண்டே.

நான் ரீசார்ஜ் அட்டை விற்பவள்.
இதில் எனக்கு லாபம்.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வாசகம் என்னுடையது:
"வாரியம் கேட்கவில்லை,
நீங்களாவது கேளுங்கள்."
ஓட்டை கேன்களில் எழுதி
லிச்சி வண்டிகளில் தொங்கவிட்டோம்.
போர்ட் லூயி போகும் பேருந்தில்
பயணச்சீட்டின் முதுகில் வாக்கு எண்ணைக்
கிறுக்கிக் கொடுத்தான் கவிலன்.
மேலதிகாரி இரண்டு முறை கண்டித்தார்,
மூன்றாம் முறை
தன் மச்சான் ஊரிலும் வறட்சி என்றார்.

மாதா கோயில் பாடகர் குழு மிரேய்
முகம் சுளித்தாள்.
பாலன் பிறக்கும் இரவில் குழாயா?
பிறகொரு ஞாயிறு
தலை நிறைய ஷாம்பு நுரையோடு
நாற்பது நிமிடம் காத்து நின்றாள்.
திங்கட்கிழமை என் கடையில்
ஐந்து அட்டை வாங்கினாள்.

எதிரணியில் ஒரு காதல் பாட்டு.
பேரங்காடியின் பாட்டுதான்,
ஆனால் நல்ல பாட்டு,
அங்கேதான் சங்கடம்.
இருபத்து மூன்றாம் தேதி இரவு
கடைக் கதவைச் சாத்தியபின்
அதற்கு ஒரு வாக்குப் போட்டேன்.
ஆறு ரூபாய்க்கு ஒரு துரோகம்.
குழாய்க்கும் உடனே இரண்டு போட்டேன்,
கணக்கு நேராகட்டும் என்று.
நேராகவில்லை.

இருபத்து நாலு, இரவு பதினொன்று.
புழுக்கத்தில் எல்லா ஜன்னலும் திறந்து
எல்லா வீட்டிலும் ஒரே அலைவரிசை.
அறிவிப்பாளர் இருமினார்.
சிரிப்பை விழுங்கும் இருமல்.
இருநூற்றுச் சொச்சம் வாக்கில்
வென்றிருந்தது குழாய்.

விக்கல்.
பிறகு அந்த ஸ்ஸ்ஸ்.

என்ன நடந்தது என்று
இப்போதும் சரியாகச் சொல்ல வரவில்லை.
சத்தம் வந்தது.
தண்ணீர் வருமுன் வரும் அதே சத்தம்.
கால்கள் முந்திக்கொண்டன.
சந்து முழுக்க வாளிகள் மோதும் ஓசை,
யாரோ அண்டாவை உருட்ட,
யாரோ குழந்தையை எழுப்ப,
மிரேய் பட்டுப் பாவாடையைத் தூக்கிச் செருகி
இரு கையிலும் குடத்தோடு.
நானும்தான்.
பதிவு செய்த கவிலனே
கேனோடு முற்றத்தில் நின்றான்
தன் குழாயின் முன்,
வாய் திறந்து,
வானொலி உள்ளே சீறிக்கொண்டிருக்க.

நாற்பதாம் விநாடியில் வெட்டினார்கள்.
விளம்பரம்:
மலையூற்றின் தூய நீர், இப்போது
ஒன்றரை லிட்டர் போத்தலில்.

சேவல் வரவில்லை.
மிலாவதியின் வரியும் வரவில்லை.
ஆகவே அவளே வாசலுக்கு வந்து
சந்து முழுவதற்கும் கேட்கச் சொன்னாள்:
"மூடித் தொலை."

வேலிக்கு வேலி சிரிப்புப் பரவியது.
மிரேய் சிரிக்கவில்லை.
குடங்களைத் தூக்கிக்கொண்டு
நள்ளிரவுப் பூசைக்கு நேரமாச்சென்று போனாள்.

பிறகு, பரிகாரம் போல,
இரண்டாமிடப் பாட்டை மறுபடி போட்டார்கள்,
முழுதாக.
வாளியைக் கவிழ்த்து
அதன்மேல் உட்கார்ந்து
கடைசி வரை கேட்டேன்.